யாத்திரையில் உடலைக் காத்தல்
(திருச்சிராப்பள்ளி, திருவரங்கம் செல்வோருக்காக மகாவீரர் ஜெயந்தி விழாவில் ஆற்றப்பெற்ற உரை)



புகாரிலிருந்து மதுரைக்குப் புறப்பட்ட கோவலனுக்கும் கண்ணகிக்கும் வழித்துணையாய் வந்தவர் கவுந்தியடிகள். அத்தவமூதாட்டியார் பயணத்தின் தொடக்கத்தில் எடுத்துரைத்தது சமயத் தத்துவமன்று; எந்த வழியில் என்ன இடர் உண்டு என்பதே. சோலை வழியே சென்றால் கிழங்கு அகழ்ந்த குழிகளைப் பூந்தாது மூடியிருக்கும். விலகி நடந்தால் பலாப்பழம் மோதும். வயல் வழியே சென்றால், கரும்பில் கட்டிய தேனடை சிதைந்து பொய்கை நீரில் கலந்திருப்பதை அறியாமல், தாகத்தால் கண்ணகி அள்ளிப் பருகிவிடவும் கூடும். வாய்க்கால் கரையில் நண்டும் நத்தையும் காலடியில் நசுங்கும். இவ்வாறு எச்சரித்து அழைத்துச் சென்றவர், நாளொன்றுக்கு ஒரு காவதத்துக்கு மேல் நடவாமல், தங்கித் தங்கியே திருவரங்கத்தையும் உறையூரையும் அடைந்தார். பின்னர்ப் பாண்டிய நாட்டில் வெயிலின் கொடுமை கருதி நிலவொளியில் இரவில் நடக்கவும் இசைந்தார். நடையின் அளவு, பருகும் நீர், வெயில் ஆகிய மூன்றையும் அவர் எண்ணிப் பார்த்தார்.

இன்று வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் பகுதிகளிலிருந்து பேருந்து அமர்த்திச் செல்லும் சமணக் குடும்பங்கள் ஒரே நாளில் மலைக்கோட்டை, திருவரங்கம், சித்தன்னவாசல் மூன்றையும் முடித்துவிட எண்ணுகின்றன. சித்தன்னவாசல் புதுக்கோட்டைக்கு அருகில் இருக்கிறது. அங்கும் மலையேற்றம் உண்டு. இரண்டு மலைகளை ஒரே நாளில் வைப்பது அறுபதைக் கடந்தவர்களுக்குப் பொருந்தாது. இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்வதே முறை.

மலைக்கோட்டையின் உயரம் ஏறத்தாழ 83 மீட்டர். படிகள் நானூற்றுக்கும் மேல். பெரும்பகுதி கூரைக்குள் அமைந்த படிகளாதலால் ஏறும்போது வெயில் தெரியாது. காற்றோட்டம் குறைந்த இடங்களில் வியர்வை மட்டும் பெருகும். உச்சியை நெருங்கும்போது திறந்த பாறை. செருப்பை அடிவாரத்திலேயே விட்டு வந்தவர்களுக்குப் பங்குனி, சித்திரை நண்பகலில் அப்பாறை எவ்வளவு சுடும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. காலையில் ஏறி ஒன்பது மணிக்குள் இறங்கிவிடுவது நல்லது. ஏறும்போது நெஞ்சு இறுகினாலோ, வலி இடக்கைக்கோ தாடைக்கோ பரவினாலோ அதை வாயு என்று எண்ணித் தொடர்ந்து ஏறுதல் கூடாது. அங்கேயே அமர்ந்து உதவி கேட்க வேண்டும். வெயிலில் நடந்தவர் பிதற்றத் தொடங்கி, உடல் நெருப்பாய்க் கொதித்தால் நிழலில் கிடத்தி, நனைத்த துணியால் உடலைக் குளிர்வித்து, 108 ஊர்தியை அழைக்க வேண்டும். நினைவிழந்தவர் வாயில் நீர் ஊற்றுதல் ஆகாது.

இம்மலையில் பழைய கற்படுக்கைகள் உள்ளன. அங்கே வெட்டப்பட்டுள்ள ‘சிரா’ என்னும் பெயரிலிருந்தே சிராப்பள்ளி என்னும் ஊர்ப்பெயர் பிறந்தது என ஆய்வாளர் சிலர் கருதுவர். சமணர் காண விரும்பும் இடம் அதுவே. ஆயின் அது பாறைச் சரிவை ஒட்டிய இடம். தொல்லியல் துறையின் காப்பில் உள்ளது. அனுமதியும் வழிகாட்டியும் இன்றிப் பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்லக் கூடாது. முன்னே நான்கு முழ நிலத்தை நோக்கி நடக்கும் ஈர்யா சமிதி சிற்றுயிர்களுக்காக விதிக்கப்பட்டது; வழுக்குப் பாறையில் அது நடப்பவரின் உயிரையும் காக்கும். கைப்பேசியில் படம் எடுத்தபடி நடப்பவருக்கு அது வாய்ப்பதில்லை.

நோன்பைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அட்டமி, சதுர்த்தசி நாள்களில் உபவாசம் இருந்தபடியே மலையேறுவதைப் பெருமையாகக் கருதும் முதியோர் பலர். தீர்த்தங்கரத்துவத்துக்குக் காரணமான பதினாறு பாவனைகளுள் தவத்தைக் குறிப்பது, சக்திக்கேற்ற தவம் என்றே ஓதப்படுகிறது. சக்தி என்னும் அச்சொல்லை விட்டுவிட்டுத் தவம் என்பதை மட்டும் எடுத்துக்கொள்வது பொருந்தாது. சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர் உணவின்றிப் படியேறினால், இரத்தச் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து, நடுங்கி, நினைவிழந்து படிகளில் உருள நேரலாம். அத்தகையோர் மருத்துவரைக் கேட்டே நோன்பு மேற்கொள்ள வேண்டும். நோன்பு நாளில் ஊரிலிருந்து வழிபட்டு, வேறொரு நாளில் மலையேறலாம்.

நீரைத் துணியால் வடிகட்டிப் பருகும் வழக்கம் சமண இல்லங்களுக்குப் புதிதன்று. வங்கதேசத்தின் மத்லாப் பகுதியில், பழைய சேலைத் துணியைப் பல மடிப்பாக்கி நீரை வடிகட்டிய சிற்றூர்களில் காலரா ஏறத்தாழ பாதியாகக் குறைந்ததை 2003இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. காலராக் கிருமிகள் நீரிலுள்ள நுண்ணுயிரினங்களின் மேல் ஒட்டியிருப்பதால் அவற்றோடு சேர்ந்து துணியில் தங்கிவிடுகின்றன. எனினும் தனித்து மிதக்கும் கிருமிகளைத் துணி தடுக்காது. ஆதலால் வடிகட்டியதைக் கொதிக்கவைத்தும் பருக வேண்டும். முன்னோர் இரண்டையுமே வைத்தனர். வயிற்றுப்போக்கு கண்டால், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும், தலைதட்டி அளந்து, கரைத்துச் சிறிது சிறிதாகக் கொடுக்கலாம்.

உணவில் வேறொரு சிக்கல் உண்டு. கிழங்கும் வெங்காயமும் விலக்குவோர் உணவகத்தில் உண்ணத் தயங்கிப் பகல் முழுதும் பட்டினி கிடப்பர். திருவரங்கத்தில் வரிசை நீண்டு பொழுது சாய்ந்துவிட்டால், இரவுண்ணா நோன்பினர் மறுநாள் காலைவரை வெறும் வயிற்றோடு இருக்க நேரும். எள்ளுப்பொடி தடவிய இட்லி, அவல், பொட்டுக்கடலை, வாழைப்பழம் கையில் இருக்கட்டும். காலையில் பிசைந்த தயிர்சோறு சித்திரை வெயிலில் மாலைவரை தாங்காது. மாலை ஐந்து மணிக்கே உணவை முடித்துவிடும் வகையில் நாளை வகுக்க வேண்டும்.

கூட்டத்தின் ஆபத்தை மலைக்கோட்டையே அறியும். 1849இல் விழாக் கூட்டத்தில் எழுந்த பீதியால் நெரிசல் உண்டாகிச் சுமார் 250 பேர் மாண்டனர். பெருவிழா நாள்களில் முதியோரும் கைக்குழந்தை உடையோரும் செல்லாமலிருப்பதே சிறந்தது. சென்றவர் நெரிசலில் சிக்கினால் விழுந்த பொருளை எடுக்கக் குனியாமல், கைகளை நெஞ்சுக்கு முன் மடக்கி மூச்சுக்கு இடம் வைத்து, கூட்டம் நகரும் போக்கிலேயே ஓரமாக ஒதுங்க வேண்டும். சிறுவர் சட்டைப்பையில் பெற்றோர் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய தாள் இருத்தல் வேண்டும்.

ஆற்று நீராடலைப் புண்ணியமாகக் கருதுவது உலக மூடம் என்று இரத்தின கரண்ட சிராவகாசாரம் கூறினும், பிள்ளைகள் காவிரியைக் கண்டால் இறங்கவே விரும்புவர். திருச்சியில் மழை இல்லாதபோதும் மேட்டூரில் திறந்த நீர் இங்கே வெள்ளமாக வரும். மணல் அள்ளிய பள்ளங்கள் நீருக்கடியில் தெரியா. தடை அறிவிப்பு உள்ள நாளில் படித்துறையையே நெருங்க வேண்டாம்.

குழுவாகச் செல்வோர் மண்டபங்களில் தங்குவதுண்டு. 2004 ஜனவரி 23 அன்று திருவரங்கத்தில் ஒரு திருமண மண்டபத்தின் மாடிக் கீற்றுப் பந்தலில் தீப்பற்றி, ஐம்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மணமகனும் அவர்களுள் ஒருவர். இடம் பேச முன்கூட்டிச் செல்பவர் வாடகையையும் தண்ணீர் வசதியையும் மட்டும் கேட்டுத் திரும்பக் கூடாது. இரண்டாவது படிக்கட்டு உண்டா, அதன் கதவு இரவில் பூட்டப்படுமா, சாவி யாரிடம் இருக்கும் என்பவற்றையும் கேட்டறிந்து, தங்கும் அன்று மாலையே அவ்வழியைக் குழுவினர் அனைவருக்கும் நடந்து காட்ட வேண்டும்.