டிஃபரா, டெஃபரா?
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஓய்வுபெற்ற ஆங்கிலப் பேராசிரியர் ஆற்றிய உரை)

 

"சார், பழைய மாதிரி ஒரு கிளாஸ் எடுங்க" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். பயப்பட வேண்டாம், அட்டெண்டன்ஸ் கிடையாது! ஒரே ஒரு வினைச்சொல்தான்: டிஃபர். வேறுபடுதல் என்று பொருள்.

முதலில் இலக்கணம். டிஃபரென்ட் என்பது பெயரடை. டிஃபர் என்பது வினை. 'திஸ் இஸ் டிஃபர் ஃப்ரம் தட்' என்று எழுதினால் தப்பு. 'திஸ் டிஃபர்ஸ் ஃப்ரம் தட்' என்பதே சரி. எந்த விஷயத்தில் வேறுபாடு என்று சொல்ல 'இன்' சேர்க்க வேண்டும்: 'தி டூ பிளான்ஸ் டிஃபர் இன் காஸ்ட்.'

ஒரு பொருள் இன்னொன்றிலிருந்து வேறுபட்டால் 'ஃப்ரம்'. ஒருவரோடு கருத்து மாறுபட்டால் பெரும்பாலும் 'வித்': 'ஐ டிஃபர் வித் யூ.' இதை மனப்பாடம் பண்ண வேண்டியதில்லை. தமிழிலேயே இருக்கிறது. 'அதிலிருந்து வேறுபடுகிறது' என்கிறோம். 'அவரோடு மாறுபடுகிறேன்' என்கிறோம். இந்த 'ஓடு' கூட இருப்பதைக் காட்டும் உருபு அல்லவா? மாறுபட்டாலும் அவரை விட்டு நாம் போய்விடவில்லை.

அடுத்து, இதைப் போலவே ஒலிக்கிற டெஃபர். 'ஐ'யும் இரண்டு 'எஃப்'பும் வந்தால் டிஃபர்; 'ஈ'யும் ஒரே 'எஃப்'பும் வந்தால் டெஃபர். டிஃபரில் அழுத்தம் முதல் அசையில். அதனால் இறந்தகாலத்தில் ஒரே 'ஆர்'. டெஃபரில் அழுத்தம் கடைசி அசையில். அதனால் இரண்டு 'ஆர்'. டெஃபருக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று, ஒத்திப்போடுவது. அந்தச் சொல்லும் டிஃபரும் ஒரே லத்தீன் வினையிலிருந்து பிறந்தவை. மற்றொன்று, இன்னொருவர் முடிவுக்குத் தலைவணங்குவது. அதற்கு வேர் வேறு.

எழுத்தில் தப்பு வந்தால் மார்க் போகும், அவ்வளவுதான். வாழ்க்கையில் டிஃபர் பண்ண வேண்டிய இடத்தில் டெஃபர் பண்ணிவிட்டால்?

நெருக்கடிநிலைக் காலம். விசாரணையின்றிச் சிறை வைக்கப்பட்டவர்கள் ஆட்கொணர்வு மனுவோடு நீதிமன்றத்துக்கு வரலாமா என்பது கேள்வி. 1976 ஏப்ரல் 28 அன்று, உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளில் நால்வர் வர முடியாது என்றார்கள். எச்.ஆர். கன்னா ஒருவர் மட்டும் மாறுபட்டார். 1977 ஜனவரியில் அவருக்கு வர வேண்டிய தலைமை நீதிபதி பதவி அவருக்கு இளையவருக்குப் போனது. கன்னா ராஜினாமா செய்தார். 41 ஆண்டுகள் கழித்து, 2017-இல் அந்தரங்க உரிமை வழக்கில், ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்த நால்வர் தீர்ப்பைத் தள்ளி, கன்னா சொன்னதே சரி என்றது.

அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போகவில்லை. மற்ற நால்வரோடு ஒரே அமர்வில் உட்கார்ந்து, தன் காரணங்களை எழுதி வைத்தார். டிஃபர் வித் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

மாணவச் செல்வங்களே, குரூப் டிஸ்கஷனில் 'யூ ஆர் ராங்' என்று எடுத்த எடுப்பில் போடாதீர்கள். 'ஐ பெக் டு டிஃபர்' கொஞ்சம் பழைய பாணி. 'ஐ சீ இட் டிஃபரென்ட்லி' போதும். ஆனால் அதற்குப் பின்னால் ஒரு 'பிகாஸ்' கட்டாயம் வர வேண்டும். காரணம் இல்லாத மாறுபாடு வெறும் பிடிவாதம்.

முன்னாள் மாணவர்களே, உங்களில் பலர் இன்று அதிகாரிகள், மேலாளர்கள், வீட்டில் தாத்தா பாட்டிகள். உங்கள் எதிரே நின்று ஒரு சின்னப் பையனோ பெண்ணோ தயங்கித் தயங்கி மாறுபட்டால், அவர்களை முழுசாகப் பேச விடுங்கள். கேட்ட பிறகு நீங்களும் காரணத்தோடு மாறுபடலாம். உறவு 'ஓடு' இருக்கட்டும்.

நான் சொன்னதில் யாருக்காவது மாறுபாடு இருந்தால் சாப்பாட்டுப் பந்தியில் பேசிக்கொள்ளலாம். சாப்பாட்டை மட்டும் டெஃபர் பண்ண வேண்டாம்!