மந்த காலமும் மனை கட்டலும்

‘வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்’ என்பது தமிழ் வழங்கும் ஊர்களெல்லாம் அறிந்த பழமொழி. பிற இடங்களில் இவை இருவேறு சுமைகள். கல்முனைக் கரையிலோ இரண்டும் ஒன்றாகவே வந்து சேர்கின்றன. மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று கடலோரமாகத் தொடர்ந்து செல்லும் முஸ்லிம் ஊர்களில், பெண்ணைப் பெற்றவர்கள் அவளுக்கு ஒரு வீட்டைக் கட்டிக் கொடுத்து மணம் முடிப்பது வழிவழி வந்த வழக்கம். மணமகன் அந்த வீட்டுக்கு வந்து குடியேறுகிறான். அயலிலுள்ள தமிழ் ஊர்களிலும் இவ்வழக்கம் உண்டு. ஆகவே, உலகில் கட்டட வேலைக்குச் செலவாகும் பணம் கூடுமா, குறையுமா என்னும் கேள்வி பொருளியல் அறிஞருக்கு மட்டும் உரியதன்று. மூன்று பெண்மக்களைப் பெற்ற ஒரு தகப்பனுக்கும் அது உரிய கேள்வியே.

பொருளாதார மந்தம் வரும்போது எல்லாத் தொழில்களும் ஒரே அளவில் தளர்வதில்லை. அரிசிக்கும் மருந்துக்கும் உள்ள தேவை பெரிதாகக் குறைவதில்லை. கட்டடத் தொழிலோ முதலில் விழுவது, இறுதியில் எழுவது. இதற்குக் காரணங்கள் உள. உணவைத் தள்ளிப்போட இயலாது, வீட்டைத் தள்ளிப்போடலாம். அன்றியும், உலகின் பெரிய கட்டடங்கள் பெரும்பாலும் கடன் பணத்தால் எழுபவை. வட்டி உயர்ந்தவுடன் அவை நின்றுவிடுகின்றன.

மூன்றாவது காரணம் சற்று நுட்பமானது. ஆயிரம் வீடுகள் உள்ள ஓர் ஊரில் ஆண்டுதோறும் 20 வீடுகள் புதிதாகத் தேவைப்படுகின்றன என்று வைத்துக்கொண்டால், ஓர் ஆண்டின் முடிவில் 1,020 வீடுகள் இருக்கும். மந்தம் வந்து, மறு ஆண்டில் 10 வீடுகளே போதும் என்றாகிவிட்டது. ஊரில் வீடுகளின் தொகை அப்போதும் 1,030 ஆகக் கூடியே இருக்கிறது. ஆனால் மேசனுக்கும் ஓடாவிக்கும் கிடைக்கும் வேலையோ பாதியாகிவிடுகிறது. வீடு நெடுங்காலம் நிலைக்கும் பொருளாதலால், தேவையில் ஏற்படும் சிறிய தளர்ச்சியும் தொழிலாளியின் வீட்டில் பெரும் பஞ்சமாக மாறுகிறது.

அமெரிக்க ஐக்கிய நாட்டில் 2005 ஆம் ஆண்டில் கட்டத் தொடங்கிய வீடுகள் 20 இலட்சத்துக்கும் அதிகம். 2008 ஆம் ஆண்டின் நிதி நெருக்கடிக்குப் பின், 2009 இல் அத்தொகை ஏறக்குறைய ஐந்தரை இலட்சமாகச் சுருங்கிற்று. நாட்டின் மொத்த வருவாய் சில வீதமே குறைந்திருக்க, வீடு கட்டும் தொழில் நான்கில் ஒரு பங்களவுக்கு இறங்கியது. சீனாவில், 2021 முதல் பெரும் மனைக் கம்பனிகள் கடனைத் திருப்பிக் கொடுக்க இயலாமல் தத்தளித்தன. 2022, 2023, 2024 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் அந்நாட்டின் மனைத் துறை முதலீடு ஆண்டுக்கு ஏறத்தாழ 10 வீதம் வீழ்ந்தது.

இத்தகைய வேளைகளில் அரசாங்கம் என்ன செய்யவேண்டும்? தனியார் கையை மூடும்போது அரசாங்கம் கையைத் திறக்கவேண்டும் என்பது 1936 இல் வெளிவந்த தம் நூலின் வாயிலாக ஆங்கிலப் பொருளியலறிஞர் ஜோன் மேனாட் கீன்ஸ் நிலைநாட்டிய கொள்கை. வீதி போடும் தொழிலாளி பெறும் கூலி, அன்று மாலையே கடைக்காரரிடம் செல்கிறது. கடைக்காரர் அதைக் கொண்டு நெசவாளியிடம் சாரம் வாங்குகிறார். நெசவாளி மீன் வாங்குகிறார். ஒரு ரூபாய் பல கைகளில் ஏறி இறங்கிப் பல ரூபாயின் வேலையைச் செய்கிறது. 1930 களின் பெருமந்த காலத்தில் அமெரிக்காவில் எழுந்த ஹூவர் அணைக்கட்டும், 2008 நவம்பரில் சீனா அறிவித்த நான்கு இலட்சம் கோடி யுவான் திட்டமும், 2009 இல் அமெரிக்கா ஒதுக்கிய 78,700 கோடி டொலரில் வீதிகளுக்கும் பாலங்களுக்கும் சென்ற பகுதியும் மந்த காலத்தில் அரசாங்கம் செய்த கட்டுமானச் செலவுகளே.

ஆயினும், இம்மருந்து எல்லா நோயாளருக்கும் கிடைப்பதில்லை. கடன் கொடுப்பாரின் நம்பிக்கையைப் பெற்ற நாடு மந்த காலத்தில் கட்டுகிறது. கடனில் மூழ்கிய நாடோ கட்டவேண்டிய அதே வேளையில் நிறுத்துகிறது. இலங்கைக்கு 2022 இல் நேர்ந்தது இதுவே. அவ்வாண்டு ஏப்ரல் 12 ஆம் நாள், வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. 200 ரூபாயளவில் நின்ற டொலரின் விலை சில வாரங்களில் 360 ரூபாயை எட்டியது. மத்திய வங்கி தன் வட்டி வீதத்தை ஒரே தடவையில் 7 வீதப் புள்ளிகள் உயர்த்திற்று. செப்டெம்பரில் விலைவாசி முந்திய ஆண்டைவிட ஏறத்தாழ 70 வீதம் ஏறி நின்றது. நாட்டின் மொத்த உற்பத்தி அவ்வாண்டில் 7 வீதத்துக்குச் சற்று மேலாகக் குறைந்தது. கட்டுமானத் துறையோ ஐந்தில் ஒரு பங்களவு சுருங்கிற்று. 2023 இலும் அத்துறை நிமிரவில்லை. 2024 இலேயே மீண்டும் தலைதூக்கியது.

இந்த எண்கள் கல்முனைக் கடைத்தெருவுக்கு வந்து சேரும்போது வேறு உருவம் கொள்கின்றன. கம்பிக்கும் சீமெந்துக்கும் வேண்டிய மூலப்பொருள்கள் பெரும்பாலும் கப்பலில் வருபவை. டொலர் ஏறியதும் ஒரு மூடை சீமெந்தின் விலை இரு மடங்கைக் கடந்தது. மகளின் மணத்துக்கென்று பல்லாண்டாகச் சேர்த்த பணம் அத்திவாரத்தோடும் சுவரோடும் தீர்ந்துபோனது. கூரையேறாத சுவர்களும், வானை நோக்கி நின்று துருவேறும் கம்பிகளும் அக்காலத்தின் அடையாளங்களாயின. அரசாங்க வேலைகளை எடுத்த கொந்தராத்துக்காரர், செய்த வேலைக்கு உரிய பணம் வராமல், தம்மிடம் வேலை செய்தோருக்குக் கூலி கொடுக்க நகையை அடகு வைத்தனர். மேசனுக்குக் கூலியில்லாத நாளில் தேநீர்க் கடைக்கும் வியாபாரமில்லை. கைத்தறிக்குப் பேர்பெற்ற மருதமுனையின் நெசவுக்கும் விலையில்லை.

உள்ளூரில் வாசல் அடைபட்டபோது மற்றொரு வாசல் திறந்திருந்தது. அது வளைகுடா நாடுகளின் வாசல். கச்சா எண்ணெயின் விலையோடு ஏறி இறங்குவது அந்நாடுகளின் கட்டுமானச் செலவு. 2014 இன் நடுப்பகுதியில் பீப்பாய் ஒன்றுக்கு 100 டொலருக்கு மேல் நின்ற எண்ணெய், 2016 ஜனவரியில் 30 டொலருக்குக் கீழே விழுந்தது. சவூதி அரேபியாவில் கட்டட வேலைகள் நின்றன. பல்லாயிரம் வெளிநாட்டுத் தொழிலாளர் வேலையிழந்தனர். 2022 இல் உக்ரேன் போரினால் எண்ணெய் விலை மீண்டும் 100 டொலரைக் கடந்தது. எண்ணெயை விலைக்கு வாங்கும் இலங்கையை அது மேலும் நெரித்தது. எண்ணெயை விற்கும் நாடுகளிலோ கட்டடங்களை உயர்த்தியது. அந்த ஆண்டில் மட்டும் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட இலங்கையர் வெளிநாட்டு வேலைக்குச் சென்றனர்.

எண்ணெய் விலையேற்றத்தால் ஊரில் வேலையிழந்த மேசன், அதே விலையேற்றத்தால் தோஹாவிலோ றியாத்திலோ வேலை பெறுகிறான். அவன் அனுப்பும் பணமே ஊரில் நின்ற சுவருக்குக் கூரையாகிறது. ஆனால் இதற்கும் விலையுண்டு. கைதேர்ந்தோர் கடல் கடந்து போனபின், ஊரில் மீண்டும் வேலை பிறக்கும்போது தொழில் தெரிந்தோர் அரிதாகின்றனர். மேலும், ஒரு பொருளின் உலகச் சந்தை விலையில் ஊரின் மணங்கள் தொங்கிக்கொண்டிருப்பது உறுதியான நிலையன்று.

மந்த காலத்தில் கட்டவேண்டும் என்று சொல்வது எளிது. எதைக் கட்டுவது என்பதே அரிய கேள்வி. இதற்குப் பாடம் தேடி இக்கரையோர் தொலைதூரம் செல்லவேண்டியதில்லை. கல்லோயாவுக்குக் குறுக்கே இங்கினியாகலையில் 1949 இல் தொடங்கி 1951 இல் முடிந்த அணைக்கட்டினால் சேனாநாயக்க சமுத்திரம் உருவாயிற்று. அத்திட்டத்தின் குடியேற்றங்கள் பற்றிய மனக்குறைகள் ஒருபுறமிருக்க, எழுபது ஆண்டுகளுக்குப் பின்னரும் சம்மாந்துறை முதலான ஊர்களின் வயல்களுக்கு அதன் நீர் பாய்கிறது. ஒலுவில் துறைமுகமோ வேறு கதை. டென்மார்க்கின் கடனுதவியுடன் 2008 இல் தொடங்கி 2013 இல் அது திறக்கப்பட்டது. அலைகள் சுமந்து வந்த மணல் அதன் வாயை அடைத்தது. எதிர்பார்த்த வணிகக் கப்பல்கள் வரவில்லை. அயலிலுள்ள கரையைக் கடல் அரித்துத் தென்னந்தோட்டங்களை விழுங்கிற்று. கடன் நின்றது, கரை போயிற்று.

2004 டிசெம்பர் 26 ஆம் நாளின் கடற்கோளில் நாட்டிலேயே மிகுந்த உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். வீடிழந்தோருக்கென அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி அரேபியாவின் நிதியால் 500 வீடுகள் எழுந்தன. அவற்றை யாருக்குப் பகிர்ந்தளிப்பது என்னும் வழக்கு எழுந்ததால், ஆண்டுகள் பலவாக அவ்வீடுகள் குடியிருப்பாரின்றிப் பற்றை மூடிக் கிடந்தன. செலவிட்ட பணத்தை அளந்து பார்ப்போர் இவற்றையும் கட்டுமானக் கணக்கிலேயே சேர்ப்பர். ஆனால் ஒரு குடும்பமும் அடுப்பெரிக்காத வீடு, சீமெந்தும் மணலும் சேர்ந்த குவியலேயன்றி வேறில்லை.

ஆகவே, கையிருப்புக் குறைந்த காலத்தில் பொதுப்பணத்தைச் செலவிடுவோர் முதலில் நோக்கவேண்டியது புதிய அடிக்கல்லை அன்று; பாதியில் நின்ற வேலையை. அதற்கடுத்தது பழுது பார்த்தல். வயலுக்கும் கடலுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் இம்மணல் நிலத்தில், மாரிதோறும் வெள்ளம் வடிய வழியின்றி ஒழுங்கைகள் குளமாகின்றன. வடிகான்களைத் துப்புரவு செய்வது, வாய்க்கால் வரம்பை உயர்த்துவது, பாடசாலைக் கூரையை மாற்றுவது ஆகியவற்றில் செலவின் பெரும்பகுதி கூலியாக ஊரிலேயே தங்கும். பெரும் துறைமுகத்தில் அப்பணம் இயந்திரத்துக்கும் வெளிநாட்டுக் கம்பனிக்கும் போய்விடும். சிறு வேலைகளுக்குத் திறப்பு விழாவும் பெயர்ப்பலகையும் இல்லை என்பது உண்மை. ஆனால் மந்த காலத்தில் நூறு வீடுகளில் உலை ஏறுவது அவற்றாலேயே. செய்த வேலைக்குக் காலந்தவறாமல் பணம் கொடுப்பதும் அரசாங்கத்தின் கடமை; அது புதிய செலவன்று, பழைய கடன்.

இனி, குடும்பத்தின் பக்கம். மகளுக்கு வீடு கொடுக்கும் வழக்கத்தைக் கண்மூடிப் பழிப்பது நீதியன்று. அவ்வழக்கத்தால் இக்கரையின் பெண் தன் பெயரில் ஒரு கூரையைப் பெறுகிறாள். தாயின் வளவிலோ அருகிலோ வாழ்கிறாள். கணவன் கைவிட்டாலும் தெருவில் நிற்பதில்லை. இது சிறிய பாதுகாப்பன்று. எனினும், வழக்கம் போட்டியாக மாறும்போது பாதுகாப்பு பாரமாகிறது. அயல் வீட்டின் மாடியைப் பார்த்து மாடி கட்ட முனையும் பெற்றோர் வயலை விற்கின்றனர். வீட்டுக்காகவே வளைகுடாவுக்குப் பணிப்பெண்ணாகச் சென்று, தன் பிள்ளைகள் வளர்ந்த ஆண்டுகளைக் காணாத தாய்மார் இவ்வூர்களில் பலர். வீடு முடியாததால் மணம் தள்ளிப்போகும் பெண்ணின் வயதோ, வட்டியைப் போலவே, நாள்தோறும் ஏறுகிறது. இஸ்லாமிய நெறியில் மணமகனே மணமகளுக்கு மஹர் கொடுக்கக் கடமைப்பட்டவன் என்பதை மார்க்க அறிஞர்கள் எடுத்துரைத்து வருகின்றனர்.

வழக்கத்தை ஒரே நாளில் ஒழிக்க இயலாது. அதன் அளவைச் சுருக்க இயலும். இரண்டு அறையும் ஒரு குசினியும் கொண்ட வீடு, மேலே ஒரு தளத்தைத் தாங்கும் அத்திவாரத்துடன் முடிந்தால், மணம் நிகழப் போதுமானது. மிகுதியை மணமக்கள் இருவரும் உழைத்துக் காலப்போக்கில் கட்டலாம். பாதிச் செலவை மணமகன் வீட்டார் ஏற்பது அவமானமன்று. ஊர்ப் பெரியோரும் பள்ளிவாசல் நிருவாகத்தினரும் இதை முன்னின்று சொல்வார்களாயின், விலையேற்றத்தின் சுமை ஒரு பக்கத்தின் தலையில் மட்டும் விழாது.

எதிர்காலம் பற்றி ஒன்றை உறுதியாகச் சொல்லலாம். கட்டட வேலை மீண்டும் பெருகும்; பின் மீண்டும் சுருங்கும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் அறுநூறுக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுசென்றபின், இடிந்தவற்றை எழுப்பும் பெரும் வேலை நாட்டின்முன் நிற்கிறது. கடற்கோளுக்குப் பின் நிகழ்ந்ததுபோல, பலரும் ஒரே வேளையில் கட்டத் தொடங்கினால் சீமெந்தின் விலையும் மேசனின் கூலியும் ஏறும். வேலை மலிந்த அக்காலத்தில் கூலியின் ஒரு பங்கைச் சேமிக்கும் தொழிலாளியும், வாடிய காலத்துக்கென ஒரு பங்கை ஒதுக்கிவைக்கும் மாநகர சபையும், கடனுக்குள் இறங்காமல் அறை அறையாகக் கட்டும் குடும்பமும் அடுத்த மந்தத்தைத் தாங்குவர். உலகச் சந்தை கல்முனையைக் கேட்டு ஏறுவதுமில்லை, இறங்குவதுமில்லை. அத்திவாரத்தின் அளவை நிர்ணயிக்கும் உரிமையோ இன்னும் ஊராரின் கையிலேயே இருக்கிறது.