கல்லூரி மாணவர்க்கு மடிக்கணினி



கல்லூரியில் இடம் கிடைத்த மகிழ்ச்சியோடு, மடிக்கணினி வாங்கும் கவலையும் இல்லத்துள் நுழைகின்றது. நகையை அடகு வைத்தேனும் வாங்கித் தரும் பெற்றோர் உளர். அப்பணம் வீணாகாதிருக்க, கடைக்குச் செல்லுமுன் கல்லூரியில் உரிய துறையை வினவுதல் வேண்டும்.

இலக்கியமும் வணிகவியலும் பயில்வோர்க்கு 8 ஜிபி ரேம் பெரும்பாலும் போதும். பொறியியல் வரைபடம் பயில்வோர்க்கு 16 ஜிபி நன்று. சாலிட்வொர்க்ஸ் என்னும் வடிவமைப்பு மென்பொருள் விண்டோஸுக்கென்றே அமைந்தது; அழகு கருதி மேக்புக் வாங்கிய இயந்திரவியல் மாணவர் பின்னர் இடர்ப்படுவர்.

மெல்லிய கணினிகள் பலவற்றில் ரேம் தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும்; பின்னாளில் கூட்ட இயலாது. ஆதலின், கூட்ட இயலுமா என்பதை வாங்கும்போதே கேட்டறிக.

பழைய கணினி வாங்குவோர், அது விண்டோஸ் 11-ஐ ஏற்குமா என்று பார்த்தல் நலம். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுற்றது.

தோழன் வைத்திருப்பதைக் கண்டு மகன் விரும்பலாம். விலையைக் கண்டு தந்தை தயங்கலாம். பாடத்திற்கு வேண்டுவது இன்னதென இருவரும் ஒருங்கே அமர்ந்து எழுதிப் பார்ப்பின், மனவருத்தமும் கடனும் ஒருசேரக் குறையும்.