கட்டு கைக்குத்தான், காலுக்கு இல்லை

வாசல் தெளித்த ஈரத்தில் கால் வழுக்குகிறது. விழப்போகிறோம் என்று புரிவதற்குள் கை தானாக முன்னால் நீண்டுவிடுகிறது. உடம்பின் பாரம் முழுவதும் விரிந்த உள்ளங்கையில் இறங்க, மணிக்கட்டை ஒட்டி, கட்டைவிரல் பக்கத்து எலும்பு முறிகிறது. மாதவிடாய் நின்ற பெண்களிடம் மிகச் சாதாரணமாகக் காணப்படும் முறிவு இது. டப்ளின் நகரத்து அறுவை மருத்துவர் ஆபிரகாம் காலிஸ் 1814ஆம் ஆண்டிலேயே இதை விவரித்து எழுதிவிட்டார். எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்டது 1895இல்தான். அவர் காலத்தில் தொட்டும் அசைத்தும் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். இன்றைக்கும் மருத்துவச் சீட்டில் ‘காலிஸ் முறிவு’ என்றே எழுதுகிறார்கள்.

வைத்தியம் பலருக்கும் தெரிந்ததுதான். எலும்பை நேராக்கி ஐந்தாறு வாரம் மாவுக்கட்டு; முறிவு மோசமாக இருந்தால் தகடு வைத்து அறுவை சிகிச்சை. அந்த ஐந்தாறு வாரமும் வீட்டில் என்ன நடக்கிறது என்பதைப் பற்றித்தான் இன்று பேச வந்தேன்.

“அம்மா, நீங்க எழுந்திருக்காதீங்க, எல்லாம் நான் பார்த்துக்கறேன்” என்கிறாள் மகள். டம்ளர் தண்ணீர்கூட இருந்த இடத்துக்கு வருகிறது. காலை நடை நின்றுபோகிறது. கோயிலுக்குப் போவதும் மாடி ஏறுவதும் நின்றுபோகின்றன. பாசத்தில் செய்வதுதான், குறை சொல்ல முடியாது. ஆனால் இந்தப் பாசத்தால் கெடுவது கால்.

மணிக்கட்டை முறித்துக்கொள்பவர்கள் யார் என்று பாருங்கள். பெரும்பாலும் ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் இருப்பவர்கள். சுறுசுறுப்பாக நடமாடுகிறவர்கள், விழும்போது சட்டென்று கையை ஊன்றும் வேகம் உள்ளவர்கள். எழுபத்தைந்தைத் தாண்டி, நடை தளர்ந்துபோனவர்களுக்கு அந்தக் கை நேரத்துக்கு வருவதில்லை. அவர்கள் பக்கவாட்டில் விழுகிறார்கள், இடுப்பெலும்பு முறிகிறது. அப்படியென்றால், நன்றாக நடமாடிக்கொண்டிருந்த ஒருவரைத்தான் நாம் நாற்காலியில் உட்கார வைக்கிறோம். தொடைத் தசை சில வாரங்களிலேயே இளைக்கத் தொடங்கும். அதோடு, மறுபடி விழுவோமோ என்ற பயமும் சேர்ந்துகொள்ளும். பயந்து நடந்தால் நடை குறுகும், பார்வை தரையிலேயே இருக்கும், கால் தடுமாறும்.

அதனால் முதல் சில நாள் வலியும் வீக்கமும் தணிந்ததும், மருத்துவர் தடை சொல்லாதவரை, நடையைத் தொடங்கிவிட வேண்டும். கழுத்தில் மாட்டிய துணித் தொட்டிலில் (ஸ்லிங்) தொங்கும் கை வீசி நடக்க உதவாது, தடுமாறினால் சமாளிக்கவும் உதவாது. எனவே நல்ல வெளிச்சத்தில், சமதரையில், பின்வார் உள்ள செருப்போடு நடங்கள். தொட்டில் எப்போதும் வேண்டுமா, வெளியில் போகும்போது மட்டுமா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மாடிப்படியில் இன்னொரு சிக்கல் உண்டு, யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. புடவைக் கொசுவத்தையோ நைட்டியையோ தூக்கிப் பிடிக்க ஒரு கை வேண்டும், கைப்பிடியைப் பற்ற ஒரு கை வேண்டும். இருப்பதோ ஒன்று. கட்டுப் பிரிக்கும்வரை கணுக்காலுக்கு மேலே நிற்கும் உடைதான் சரி.

வீட்டுக்குள்ளேயே செய்ய ஒரு பயிற்சி சொல்கிறேன். கைப்பிடி இல்லாத சாப்பாட்டு நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கையை ஊன்றாமல், காலின் பலத்திலேயே எழுந்து நின்று மெதுவாக உட்காருங்கள். ஐந்து முறையில் தொடங்கி, முடிகிற அளவு கூட்டலாம். தலைசுற்றல் உள்ளவர்கள் பக்கத்தில் ஆள் இருக்கும்போது மட்டும் செய்யுங்கள்.

கட்டுப் போட்ட கைக்கும் வேலை உண்டு. விழுந்த உடனே, வீங்குவதற்கு முன், மோதிரத்தையும் வளையலையும் கழற்றிவிடுங்கள். உட்காரும்போதும் படுக்கும்போதும் தலையணை வைத்துக் கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்தி வையுங்கள். கட்டுக்கு வெளியே தெரியும் விரல்களை மணிக்கொரு தரம் மடக்கி நீட்டுங்கள். முழங்கையை மடக்குங்கள், தோளைத் தலைக்கு மேல் தூக்குங்கள். மணிக்கட்டு முறிந்து, தோள் இறுகிப்போய் வருகிறவர்கள் நிறையப் பேர். எலும்பு கூடிய பிறகும் தலைசீவ முடியாமல் தவிப்பார்கள். இன்னொன்று: விரல் மரத்துப்போனாலோ, நீலம் பாய்ந்தாலோ, கட்டு இறுகி வலி ஏறிக்கொண்டே போனாலோ, விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். நாட்டுக்கட்டானாலும் மாவுக்கட்டானாலும் இரத்த ஓட்டத்தைத் தடுத்தால் ஆபத்து ஒன்றுதான்.

கட்டைப் பிரிக்கும் நாள் பலருக்கும் ஏமாற்றம். தோல் உரிந்து, கை மெலிந்து, வேறு யாருடைய கையோ என்பதுபோல் இருக்கும். பலருக்குத் தாமதமாகத் திரும்புவது உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்பும் அசைவு. திருநீறு வாங்கக் கையை நீட்டினால் உள்ளங்கை பக்கவாட்டிலேயே நின்றுவிடும். சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோகவும் இதே அசைவு வேண்டும். முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து, மெல்ல மெல்லத் திருப்பிப் பழக வேண்டும். வெந்நீரில் சற்று நேரம் கையை வைத்துவிட்டுச் செய்தால் சுலபம். எண்ணெய் தேய்த்து யாரையாவது அழுத்தி நீவச் சொல்வது வேண்டாம். குடம் தூக்குவதும் ஈரத்துணி பிழிவதும் சப்பாத்தி மாவு பிசைவதும் மருத்துவரோ இயன்முறை மருத்துவரோ சரி என்ற பிறகு. பிடியின் பலம் முழுதாகத் திரும்ப ஓராண்டுகூட ஆகலாம். அதுவரை பொறுக்கத்தான் வேண்டும்.

65 வயதைக் கடந்தவர்கள் வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும், வாரத்தில் மூன்று நாளாவது சமநிலைக்கான பயிற்சி செய்ய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரை. கைமுறிவு இதற்கு விலக்கு ஆகாது. அடுப்பில் பால் காயும் நேரத்தில், நல்ல கையால் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு, ஒரு பாதத்துக்கு முன்னால் மறு பாதத்தை ஒட்டி வைத்து நின்று பாருங்கள். அதுவும் சமநிலைப் பயிற்சிதான்.

நின்ற நிலையிலிருந்து விழுந்ததற்கே எலும்பு முறிகிறது என்றால், எலும்பு மெலிந்திருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். அடுத்து இடுப்போ முதுகெலும்போ முறிவதற்கு முன் கிடைக்கும் எச்சரிக்கை இது. ஆனால் கை கூடியதும் பெரும்பாலோர் இதை மறந்துவிடுகிறார்கள். கட்டுப் பிரிக்கப் போகும் அன்றே, டெக்ஸா என்னும் எலும்பு அடர்த்திப் பரிசோதனை வேண்டுமா, கால்சியமும் வைட்டமின் டியும் போதுமா, எலும்புக்கு மருந்து தேவையா என்று கேளுங்கள். போகும்போது நீங்கள் சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் சீட்டும் கையில் இருக்கட்டும். இரத்த அழுத்த மாத்திரையோ தூக்க மாத்திரையோ எழுந்திருக்கும்போது தலைசுற்ற வைக்கிறதா என்பதை மருத்துவர் பார்த்துச் சொல்வார். கண்ணில் புரை இருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.