குவார்ட்டரில் இல்லாதது

“அளவாகக் குடித்தால் இதயத்துக்கு நல்லதாம், டாக்டர்களே சொல்கிறார்கள்” என்ற பேச்சை வடசென்னையில் காசிமேட்டிலும் கேட்கலாம், எண்ணூரிலும் கேட்கலாம். அது யாரோ சும்மா கிளப்பிவிட்ட பேச்சல்ல. வெண்ணெயும் பாலாடைக்கட்டியுமாகச் சாப்பிடும் பிரெஞ்சுக்காரர்களுக்கு மாரடைப்பு ஏன் குறைவு என்று 1991இல் ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சி கேட்டது. சிவப்பு ஒயின் காரணமாக இருக்கலாம் என்று பதில் வந்தது. அடுத்த ஆண்டே அந்த ஒயினில் ரெஸ்வெரட்ரால் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். பூஞ்சை தாக்கினால் தன்னைக் காத்துக்கொள்ளத் திராட்சை தன் தோலில் உண்டாக்கும் பொருள் அது. ஈஸ்ட்டின் ஆயுளை அது நீட்டுகிறது என்று 2003இலும், கொழுப்புத் தீனி தின்ற சுண்டெலிகளைக் காப்பாற்றுகிறது என்று 2006இலும் ஹார்வர்டின் டேவிட் சின்கிளேர் குழு எழுதியது. அவர் பங்கேற்றுத் தொடங்கிய சர்ட்ரிஸ் நிறுவனத்தை 2008இல் கிளாக்ஸோ மருந்து நிறுவனம் 72 கோடி டாலருக்கு வாங்கியது. இவ்வளவு பணம் புரண்ட பிறகு செய்தி நம் டீக்கடை வரைக்கும் வந்து சேர்ந்ததில் வியப்பில்லை.

ஆனால் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். அந்த எலிகளுக்குக் கொடுத்தது உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்குச் சுமார் 22 மில்லிகிராம். 60 கிலோ ஆளுக்கு அது 1,320 மில்லிகிராம். ஒரு லிட்டர் சிவப்பு ஒயினில் இருப்பதோ சராசரியாக 2 மில்லிகிராம். ஆக, தினம் 660 லிட்டர்! எலிக்கணக்கை மனிதனுக்கு அப்படியே பெருக்கக்கூடாது, பன்னிரண்டில் ஒரு பங்காகக் குறைக்க வேண்டும் என்று மருந்தியல் தெரிந்தவர்கள் திருத்துவார்கள். குறைத்துக்கொள்வோம், அப்போதும் 55 லிட்டர். உள்ளே போனதும் குடலும் கல்லீரலும் அதை உடனே வேறு பொருளாக மாற்றிவிடுகின்றன. நூற்றில் ஒரு பங்குகூட அப்படியே ரத்தத்தில் சேர்வதில்லை. சாதாரணத் தீனி தின்ற எலிகளுக்கு ஆயுள் கூடவில்லை என்பதும் பின்னால் தெரிந்தது. மனிதர்கள் விஷயத்தில், ஒயினுக்குப் பேர்போன இத்தாலியின் கியாந்தி வட்டாரத்தில் 65 வயதைத் தாண்டிய 783 பேரின் சிறுநீரில் இந்தப் பொருளின் அளவைப் பார்த்து, அவர்களை ஒன்பது ஆண்டுகள் கவனித்தார்கள். 2014இல் முடிவு வந்தது: அளவு கூடுதலாக இருந்தவர்கள் நீண்ட நாள் வாழவுமில்லை, இதய நோயோ புற்றுநோயோ அவர்களுக்குக் குறையவுமில்லை.

இதெல்லாம் ஒயின் பற்றிய கதை. நம் பக்கம் ஒயின் ஷாப் என்று சொன்னாலும் அங்கே பெரும்பாலும் விற்பது பிராந்தியும் ரம்மும் பீரும். காய்ச்சி வடிக்கும்போது ஆவியாகி மேலே வருவது சாராயம்தான். ரெஸ்வெரட்ரால் கூடவே ஏறி வராது. நம் நாட்டுப் பிராந்தியில் பெரும்பகுதி கரும்புக் கழிவுப்பாகிலிருந்து எடுத்த சாராயம் என்பதால் திராட்சைக்கும் அதற்கும் தூரம் இன்னும் அதிகம். 180 மில்லி குவார்ட்டரில் சுத்தமான ஆல்கஹால் ஏறக்குறைய 60 கிராம். துறைமுகத்தில் மூட்டை இறக்கியவர் உடம்பு வலிக்கென்று வெறும் வயிற்றில் அதை ஊற்றிக்கொள்ளும்போது, பிரெஞ்சுக்காரர் சாப்பாட்டோடு அருந்தும் ஒயினைச் சாட்சிக்கு இழுப்பது பொருந்தாது. அளவாகக் குடிப்பவர்கள் குடிக்காதவர்களைவிட நீண்ட நாள் வாழ்வதாக ஆய்வுகள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். நோய் வந்து குடியை நிறுத்தியவர்களையும் ‘குடிக்காதவர்கள்’ பட்டியலில் போட்டதால்தான் அவற்றில் பல அப்படிக் காட்டின. மதுவைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1988இலேயே வகைப்படுத்தியது. பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்று 2023இல் அந்த நிறுவனமே சொல்லிவிட்டது.

வேடிக்கை என்னவென்றால், கிளாஸில் இல்லாத அந்தப் பொருள் சைடிஷ் தட்டில் கொஞ்சம் இருக்கிறது. வேர்க்கடலைச் செடியும் ரெஸ்வெரட்ராலை உண்டாக்கும். 1999இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், அவித்த கடலையில் கிராமுக்கு 5 மைக்ரோகிராம் கிடைத்தது; வறுத்ததில் அதில் நூறில் ஒரு பங்குதான். தள்ளுவண்டியில் தோலோடு உப்புப் போட்டு அவித்து, ஆவி பறக்க அளந்து கொட்டுகிறார்களே, அந்தக் கடலைதான். 100 கிராம் பருப்பில் அரை மில்லிகிராம், அதாவது கால் லிட்டர் ஒயினில் உள்ள அளவு. உடனே அவித்த கடலையையும் மருந்தாக்கிவிடக்கூடாது. அரை மில்லிகிராமும் ஒன்றுக்கும் போதாது. மலிவான புரதம், நல்ல எண்ணெய் என்பதற்காகச் சாப்பிடலாம். பூஞ்சை பிடித்துக் கசக்கும் பருப்பைத் துப்பிவிட வேண்டும். அதில் கல்லீரலைக் கெடுக்கும் அஃப்ளாடாக்சின் இருக்கக்கூடும். மாத்திரையாகப் போட்டுக்கொள்ளலாமே என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அதிக அளவில் ரெஸ்வெரட்ரால் கொடுத்த ஒரு புற்றுநோய்ச் சோதனையை, சிலருக்குச் சிறுநீரகம் செயலிழந்ததால் 2010இல் கிளாக்ஸோ நிறுத்தியது. ரெஸ்வெரட்ரால் இதயத்துக்கு நல்லது என்று எழுதிக் குவித்த தீபக் தாஸ், தரவுகளைத் திரித்த இடங்கள் 145 என்று 2012இல் கனெக்டிகட் பல்கலைக்கழகமே அறிவித்தது.

“அனல்மின் நிலையச் சாம்பலைச் சுவாசிக்கிறோம், 2023 டிசம்பரில் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து கசிந்த அமோனியாவையும் சுவாசித்தோம், இதில் ஒரு கட்டிங்கா எங்களைக் கொன்றுவிடும்?” என்று எண்ணூர்க்காரர் கேட்டால் அந்தக் கோபம் நியாயமானது. வடசென்னையில் ஆயுளைக் குறைக்கும் பலவற்றைத் தனி ஆள் மாற்ற முடியாது. அரசும் ஆலைகளும்தான் பதில் சொல்ல வேண்டும். ஆனால் அந்தப் புகையால் ஏற்கெனவே சிரமப்படும் இதயத்துக்கு மது ரத்த அழுத்தத்தையும் சேர்த்து ஏற்றுகிறது. அழுத்தத்தைக் குறைத்தால் பக்கவாதமும் மாரடைப்பும் குறையும் என்பதற்கு எலிகளை அல்ல, பல்லாயிரக்கணக்கான மனிதர்களை வைத்துச் சான்று இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் அதற்கான மாத்திரை வீட்டுக்கே வருகிறது. ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் மாநகராட்சி சுகாதார நிலையத்துக்குப் போனால் ஐந்து நிமிடத்தில் பிபி பார்த்துச் சொல்லிவிடுவார்கள், காசு கிடையாது.