எல்லோரும் தூங்கும்போது பஸ்ஸை யார் பிடித்துக்கொள்கிறார்கள்?

இந்த எபிசோட், ஒரு பஸ் ஆறடி தூரம் உருண்ட கதை. ஆறடிதானேன்னு தோணும். அதற்கு ஐந்து நிமிஷம் முன்னாடி, அதே ஆறடிக்குள் நான் காபி கப்போடு நின்றுகொண்டிருந்தேன்.

கொலராடோவில் என் காலேஜ் சீனியர் ஒருத்தர் இருக்கார். 1970களில் வந்த எம்சிஐ எம்சி-8 பஸ் ஒன்றை வாங்கி வீடா மாத்திட்டு இருக்கார். 40 அடி நீளம், மூன்று ஆக்சில், பின்பக்கம் டெட்ராய்ட் டீசல் 8வி-71 இன்ஜின். ஒரு காலத்தில் கிரேஹவுண்ட் ஓட்டிய மாடல். அமெரிக்காவில் இது ஒரு பெரிய பொழுதுபோக்கு. கட்டில், அடுப்பு, சோலார்னு மணிக்கணக்கா பேசுவாங்க. பார்க்கிங் பிரேக் பற்றிப் பேச்சே வராது.

ஆனால் யோசிச்சுப் பாருங்க. ரூட் பஸ்ஸில் பார்க்கிங் பிரேக்குக்குப் பெரும்பாலும் பத்து நிமிஷ வேலை. டிரைவர் பக்கத்துலயே டீ குடிச்சிட்டு இருப்பார். வீடா மாத்தின பஸ்ஸில் சீட்டில் ஆளே இல்லை, உள்ளே குடும்பம் தூங்குது. கனரக வண்டிகளின் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் பெரும்பாலும் காரில் இருக்கிற 'பி'யும் கிடையாது. ராத்திரி முழுக்க அந்த பிரேக் மட்டும்தான்.

பழைய பஸ்களில் இது மூன்று வகையா வரும். முதல் வகை, டிரைவர் பக்கத்தில் நீளமான கை லீவர். கம்பியோ கேபிளோ வழியா இழுத்து பிரேக்கைப் பிடிக்கும். சிலவற்றில் டிரைவ்ஷாஃப்ட்டில் தனி டிரம் இருக்கும். காற்றை நம்பாது, நல்ல விஷயம். ஆனால் கேபிள் துரு ஏறும், லைனிங் தேயும். வீட்டுச் சாமான் ஏறி எடை கூடின பிறகு அதே பிடி போதுமாங்கிறதை சரிவில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

இரண்டாவது, ஸ்ப்ரிங் பிரேக். சேம்பருக்குள் பெரிய சுருள் ஸ்ப்ரிங். காற்றழுத்தம் அதை அமுக்கி வைத்திருக்கும்வரை வண்டி ஓடும். காற்று போனால் ஸ்ப்ரிங் தானாகவே பிரேக்கைப் பிடிக்கும். டேங்க் அழுத்தம் 20-லிருந்து 45 பிஎஸ்ஐ வரைக்கும் இறங்கும்போது டேஷ்போர்டு நாப் தானே வெளியே துள்ளும்.

மூன்றாவதுதான் சீனியர் வண்டியில் இருந்த டிடி3. இதில் அந்தப் பெரிய ஸ்ப்ரிங் கிடையாது, இரண்டு டயாஃப்ரம். பார்க்கிங் நாப்பை இழுத்தால் காற்று புஷ்ராடைத் தள்ளும், உள்ளே இருக்கிற ரோலர்கள் அதை அந்த இடத்திலேயே பூட்டிவிடும். பிறகு காற்று முழுக்கக் கசிந்தாலும் பூட்டு விடாது. விடுவிக்க நாப்பைத் தள்ளி, கால் பிரேக்கையும் ஒருமுறை அழுத்தணும். நல்ல டிசைன். ஒரே நிபந்தனை, பூட்டுகிற அந்த நொடியில் காற்று இருக்கணும். அதற்காகவே தனியா ஒரு டேங்க், மெயின் டேங்க் காலியானாலும் இந்தக் காற்று திரும்பி ஓடாதபடி ஒரு செக் வால்வ்.

அன்றைக்கு வீட்டு முன்னாடி லேசான சரிவு. பார்க்கிங் பிரேக்கை விடுவித்து பஸ்ஸை நகர்த்தும்போது இன்ஜின் நின்றுபோச்சு. கால் பிரேக்கை நாலைந்து தடவை மிதிச்சார், அழுத்தம் சரசரன்னு இறங்கிடுச்சு. லோ ஏர் பஸ்ஸர் கத்தியது. கசிவு காரணமா ரெண்டு நாளா அது அடிக்கடி கத்திட்டுத்தான் இருந்தது, யாரும் காதில் வாங்கலை. கடைசியா நாப்பை இழுத்தார். பிடிக்கலை. செக் வால்வ் பழுது, தனி டேங்க் காற்றும் எப்பவோ போயிருந்தது. பஸ் பின்னாடி உருண்டு மரக்கட்டைக் குவியலில் இடிச்சு நின்றது.

"அண்ணா, அந்த வால்வை எப்போ செக் பண்ணீங்க?"ன்னு கேட்டேன்.

"வாங்கினதிலிருந்து தொடவே இல்லடா"ன்னார்.

நம்ம வேலையில் இதைப் பார்த்திருக்கோம். பேக்கப் இருக்குன்னு நம்பிட்டு, ஒரு தடவைகூட ரீஸ்டோர் பண்ணிப் பார்க்காமல் இருப்போம் இல்லையா, அதேதான்.

எதைத் தேர்ந்தெடுக்கிறதுன்னு கேட்டால், நான் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: பிரேக்கை விடுவித்திருக்கும்போது காற்று சுத்தமா தீர்ந்துபோனால், வண்டி நிற்குமா, உருளுமா? அமெரிக்காவில் 1975-ல் அமலுக்கு வந்த ஏர் பிரேக் விதி, பார்க்கிங் பிரேக் காற்றால் இல்லாமல் இயந்திர முறையில் பிடித்திருக்கணும்னு சொல்லுது. சீனியர் ஸ்ப்ரிங் பிரேக்குக்கு மாறினார். சேம்பர் எந்த லாரி பாகக் கடையிலும் கிடைக்கும், காற்று இல்லாமல் வழியில் நின்றால் கேஜிங் போல்ட்டால் ஸ்ப்ரிங்கை அமுக்கிவிட்டு வண்டியை இழுத்துட்டுப் போகலாம். ஆனால் சேம்பரை மட்டும் மாத்தினால் போதாது. வால்வுகளும் குழாய் இணைப்பும் மாறணும், நீளமான சேம்பருக்கு ஆக்சில் பக்கம் இடம் இருக்கான்னு அளக்கணும். ஏர் பிரேக் தெரிந்த மெக்கானிக்கிட்ட கொடுத்தார். டிடி3-யையே வைத்துக்கொள்வதும் தப்பில்லை, செக் வால்வையும் டயாஃப்ரத்தையும் சோதிக்கிற பழக்கம் இருந்தால்.

இப்போ பராமரிப்பு. டேங்கில் சேர்கிற தண்ணீரை வடிச்சு விடுங்க, பனிக்காலத்தில் அது வால்வில் உறைந்துவிடும். சக்கரத்துக்குக் கட்டை வைத்து, இன்ஜினை நிறுத்தி, பிரேக்கை விடுவித்து அழுத்தமானியைப் பாருங்க: ஒரு நிமிஷத்தில் 2 பிஎஸ்ஐக்கு மேல் இறங்கக் கூடாது. பெடலை மிதித்தபடி பார்த்தால் 3.

அடுத்து ஸ்லாக் அட்ஜஸ்டர். சாதாரண டைப் 30 சேம்பரில் புஷ்ராட் 2 இன்ச்சுக்கு மேல் வெளியே வரக் கூடாது. ஸ்ப்ரிங் நீள நீள அதன் பலம் குறையும். அதனால் அட்ஜஸ்ட்மென்ட் தளர்ந்தால், ஓடும்போது மட்டுமில்லை, நிற்கும்போதும் பிடி குறையும்.

பார்க்கிங் பிரேக் போட்டு, குறைந்த கியரில் மெதுவா இழுத்துப் பாருங்க, வண்டி நகரக் கூடாது. ஸ்ப்ரிங் பிரேக் பிடித்திருக்கும்போது கால் பிரேக்கை அழுத்தி மிதிக்காதீங்க, இரண்டு விசையும் சேர்ந்து பாகங்களைச் சேதமாக்கும். மலை இறங்கி வந்ததும் டிரம் கொதிக்கும். அதை ஆறவிட்டு, அதுவரை கட்டையை நம்புங்க.

இரண்டு விஷயத்தில் வீரம் வேண்டாம். ஸ்ப்ரிங் சேம்பரின் கிளாம்பை ஒருபோதும் கழட்டாதீங்க. உள்ளே அமுங்கியிருக்கிற ஸ்ப்ரிங் வெடித்து வந்து ஆளைக் கொன்றிருக்கு. பழுதானால் முழுசா மாத்துங்க. ஏர் சஸ்பென்ஷன் பஸ்ஸுக்கு அடியில் ஸ்டாண்ட் வைக்காமல் நுழையாதீங்க. காற்று இறங்கினால் பஸ்ஸே இறங்கும்.

நம்ம ஊர் மலைப் பாதையில் லாரி நின்றதும் கிளீனர் குதிச்சு இறங்கி சக்கரத்துக்குக் கல் வைப்பார், பார்த்திருப்பீங்க. பிரேக் இல்லாத ஓட்டை வண்டின்னு நான் சின்ன வயசில் நினைச்சிருக்கேன். இப்போ சீனியர் பஸ்ஸில் ஸ்ப்ரிங் பிரேக் புதுசு, செக் வால்வும் புதுசு. இருந்தாலும் ராத்திரி படுக்கப் போகும் முன்னாடி டார்ச்சோடு இறங்கி, சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கட்டை வைத்துவிட்டுத்தான் ஏறுகிறார்.

அடுத்த எபிசோடில் பார்ப்போம்.