தரகர் வரலாம், தாலி கட்டலாமா?



வழிகாட்டும் ஆசானுக்கும் மாணவருக்கும் நடுவே செயற்கை நுண்ணறிவு துணையா, தடையா? துணையே என்று சொல்ல வந்திருக்கிறேன். அதுவும் எந்த ஊரில்? மாதவச் சிவஞான முனிவர் பிறந்த ஊரில்! (கைதட்டல்)

எதிரணித் தோழர் கேட்டார்: "குருவுக்கும் சீடனுக்கும் நடுவுல மூணாவது ஆள் எதுக்கு?" ஐயா, அந்த மூணாவது ஆள் எப்பவும் உண்டு. அதுக்குப் பேர்தான் உரை! 12 சூத்திரம் கொண்ட சிவஞான போதத்துக்கு நம்ம முனிவர் ஓர் உரையோடு நிற்கவில்லை. சிற்றுரை ஒன்று, மாபாடியம் ஒன்று. நுழைகிறவனுக்கு ஒரு வாசல், ஆழம் போகிறவனுக்கு ஒரு வாசல். முனிவர் மறைந்தது 1785-இல். அந்த வாசல் இன்னும் திறந்தே இருக்கிறது.

ஆசிரியராகத் தகாதவருக்கு நன்னூலில் பவணந்தியார் ஓர் உவமை சொல்கிறார்: மடல் பனை. பழம் தானாக விழுந்தால் உண்டு. ஏறிப் பறிக்க விடாது. மில் தொழிலாளி வீட்டுப் பிள்ளை, குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகிறவள். வழிகாட்ட வந்த பெரிய பொறியாளரிடம் எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது என்று தெரியாமல் நிற்கிறாள். அவர் நல்லவர்தான். ஆனா அவள் பயத்துக்கு அவரும் பனைமரம்தான்! ராத்திரி பத்து மணிக்கு, "எனக்கு இது புரியல, இதை எப்படிக் கேட்கட்டும்?" என்று கூச்சமில்லாமல் கேட்க ஓர் இயந்திரம் இருந்தால், அது ஏணி ஐயா, ஏணி! தமிழில் சொன்னதை ஆங்கிலக் கடிதமாக்கித் தரும். அவருக்கும் போன மாதம் பேசியதை ஞாபகப்படுத்தும்.

ஆனா எல்லை உண்டு. 2022 நவம்பரில் வந்த சாட்ஜிபிடி மாதிரி இயந்திரங்கள் அடுத்த சொல் எது என்று கணித்துக் கணித்துப் பேசுபவை. தப்பையும் தைரியமாகச் சொல்லும். முனிவர், சங்கரநமசிவாயர் எழுதிய நன்னூல் உரையையே திருத்திச் செப்பம் செய்தவர். புலவர் எழுதியதுக்கே திருத்தம் உண்டென்றால், இயந்திரம் எழுதியதை ஆசான் பார்க்க வேண்டாமா?

அவள் கடிதத்தையும் இயந்திரம் எழுதி, அவர் பதிலையும் இயந்திரமே எழுதினால் என்ன ஆகும்? ரெண்டு இயந்திரமும் குசலம் விசாரிக்கும். ரெண்டு மனுஷரும் தூங்குவாங்க! (சிரிப்பு) கல்யாணத் தரகர் ஜாதகம் கொண்டு வரலாம். "தாலியையும் நானே கட்டிடுதேன்"னா விடுவோமா? (பலத்த கைதட்டல்)

கேள்வி கேட்கப் பழக்கட்டும் இயந்திரம்; பதிலுக்குப் பொறுப்பேற்கட்டும் ஆசான். என்றைக்கு அந்தப் பிள்ளை போனை மூடிவைத்துவிட்டு, "சார், ஒரு சந்தேகம்" என்று நேரில் போய் நிற்கிறாளோ, அன்றைக்குத்தான் அது துணை என்று கூறி அமர்கிறேன்.